பிறப்பிடமாகவும் வதிவிடமாகவும்

பத்திரிகைப் பணியில் கழிந்த முப்பதுக்கும் மேற்பட்ட ஆண்டுகளில் நான் செவ்வை பார்த்த மரண அறிவித்தல்களுக்குக் கணக்கில்லை. அவற்றின் வாசகம் எனக்கு மனப்பாடம். இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும் வதிவிடமாகவும் கொண்டவர் இன்ன திகதியில் இறைபதமடைந்தார். அன்னார் காலஞ்சென்ற இன்னார் தம்பதியரின் கனிஷ்ட புத்திரியும், காலஞ்சென்ற இன்னாரின் அன்பு மனைவியும், இன்னாரின் பாசமிகு தாயாரும் என்று அது நீண்டு செல்லும். பிள்ளைகளின் பெயர்களுக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் கனடா, ஜேர்மனி, லண்டன் என்று நாடுகள் வரும். 2023 மாசி மாதத்தில் அதே வாசகத்தை அம்மாவுக்காக நான் எழுத நேர்ந்தது. பழகிய கை தயக்கமின்றி எழுதி முடித்துவிட்டது. அனுப்புவதற்கு முன்னர் வாசித்துப் பார்த்தபோதுதான், அது அம்மாவைத் தவிர மற்ற எல்லோரையும் பற்றிய அறிவித்தல் என்பது உறைத்தது.

"உரும்பிராயைப் பிறப்பிடமாகவும் வதிவிடமாகவும் கொண்ட" என்பது பொய்யல்ல. அம்மா பிறந்த வளவிலேயே இறந்தார். ஆனால் இடையில் அவர் நல்லூர்க் கோயில் வீதியிலும், மீசாலையில் முன்பின் அறியாதவர்களின் வீட்டுத் திண்ணையிலும், வெள்ளவத்தையில் ஓர் அறையிலும், கனடாவில் ஸ்காபரோவின் பதினொராம் மாடியிலும் வதிந்திருக்கிறார். பத்திரிகையில் அவற்றுக்கு இடம் கிடைப்பதில்லை. ஆதலால் இங்கே எழுதுகிறேன்.

அம்மா 1931 ஆவணியில் பிறந்தார். டொனமூர் அரசியலமைப்பின் கீழ் இலங்கையருக்குச் சர்வசன வாக்குரிமை கிடைத்த ஆண்டு அது. அந்த முதலாவது தேர்தலை யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸின் அழைப்பை ஏற்று வடக்கின் நான்கு தொகுதிகள் பகிஷ்கரித்தன. 1934இல்தான் அந்த ஆசனங்கள் நிரப்பப்பட்டன. "ஊர் முழுக்க வோட்டுப் போடாத வருஷம் பிறந்தனான்" என்று அம்மா பெருமையாகச் சொல்லுவார். அவர் முதன்முதலில் வாக்களித்தது 1956இல். அந்தத் தேர்தல் முடிவு எங்களுக்கு எதைக் கொண்டுவந்தது என்பதை இங்கு விவரிக்க வேண்டியதில்லை.

எட்டாம் வகுப்புடன் படிப்பு நின்றது. இலவசக் கல்வித் திட்டம் நடைமுறைக்கு வந்த 1945ஆம் ஆண்டிலேயே அம்மா பெரியபிள்ளையாகி வீட்டில் இருத்தப்பட்டார். அரசாங்கம் கதவைத் திறக்க, வீடு அதைச் சாத்தியது. ஆயினும் படித்த எட்டு வகுப்பை அவர் வீணாக்கவில்லை. 1959இல் யாழ்ப்பாணத்தில் 'ஈழநாடு' தொடங்கிய காலம் முதல் எங்கள் திண்ணையில் பத்திரிகை வாசிப்பு நடந்தது. மாலையில் தோட்ட வேலை முடிந்து அயலவர்கள் வந்து குந்துவார்கள். அம்மா உரத்து வாசிப்பார். தலையங்கத்தைக் கடைசியில் வாசிப்பார். அதற்குள் பாதிப்பேர் எழுந்து போயிருப்பார்கள். 1981 ஜூன் முதலாந் திகதி அந்தப் பத்திரிகையின் அலுவலகமும் யாழ்ப்பாண நூலகமும் எரிந்து கிடந்தன என்ற செய்தி வந்தபோது, அம்மா அன்று மாலையும் பழக்கத்தில் திண்ணையைக் கூட்டிப் பாய் விரித்தார். வந்தவர்கள் பேசாமல் இருந்துவிட்டுப் போனார்கள்.

நான் பத்திரிகைக்காரனானது அந்தத் திண்ணையால்தான் என்று நண்பர்கள் சொல்வதுண்டு. இருக்கலாம்.

உரும்பிராய் செம்மண் பூமி. அப்பா தோட்டக்காரர். நீரிறைக்கும் இயந்திரம் வருவதற்கு முந்திய காலத்தில் அதிகாலை மூன்று மணிக்கே துலா ஆடத் தொடங்கிவிடும். ஒருவர் துலாவில் ஏறி முன்னும் பின்னும் நடக்க, மற்றொருவர் பட்டையைப் பிடித்து நீரைக் கவிழ்க்க, மூன்றாமவர் வாய்க்காலில் நின்று ஒவ்வொரு பாத்தியாகத் தண்ணீர் மாறவேண்டும். தண்ணீர் மாறுவது அம்மாவின் வேலை. ஒரு பாத்தி நிறைந்ததும் மண்ணை வெட்டி அடைத்து அடுத்ததைத் திறக்கவேண்டும். ஒரு கணம் பிந்தினால் வரம்பு உடைந்துவிடும். இருளில் எப்படித் தெரிந்தது என்று சிறுவனாக இருந்தபோது கேட்டிருக்கிறேன். "சத்தம் மாறும், மோனை" என்றார். நிறையும் பாத்தியில் தண்ணீரின் ஒலி குறைந்துவிடுமாம்.

தட்டுப்பாடு என்பது அம்மாவின் வாழ்வில் அடிக்கடி வந்துபோன உறவினர் போன்றது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் 1942இல் அரிசிப் பங்கீடு வந்தபோது அவருக்குப் பதினொரு வயது. சங்கக்கடை வரிசையில் தன் தாயாருக்காக இடம்பிடித்து நின்றிருக்கிறார். 1953இல் கூப்பன் அரிசியின் விலை கொத்து இருபத்தைந்து சதத்திலிருந்து எழுபது சதத்துக்கு ஏற்றப்பட்டு, ஆகஸ்ட் 12இல் நாடெங்கும் ஹர்த்தால் நடந்தபோது மடியில் மூத்த அக்கா. எழுபதுகளின் முற்பகுதியில் தெற்கில் மக்கள் பாணுக்காக இரவிரவாக வரிசையில் நின்ற காலம் எங்களுக்கு மட்டும் வேறுவிதமாக அமைந்தது. இறக்குமதி தடைப்பட்டதனால் யாழ்ப்பாணத்துச் செத்தல் மிளகாய்க்கும் சின்ன வெங்காயத்துக்கும் என்றுமில்லாத விலை கிடைத்தது. எங்கள் ஓட்டு வீடு மிளகாய்க் காசில் எழுந்தது. 1977இன் பின்னர் திறந்த பொருளாதாரத்துடன் அந்தக் காசும் நின்றுபோயிற்று. அந்தச் சில ஆண்டுகளை அரசியல் மேடைகளில் ஏசியவர்களும் உண்டு, புகழ்ந்தவர்களும் உண்டு. அம்மா இரண்டும் செய்யவில்லை. "அந்த நேரம் கூரை போட்டிட்டம்" என்பதுதான் அவருடைய மதிப்பீடு.

1983 ஆடிக் கலவரத்தில் கொழும்பில் எழுதுவினைஞராக இருந்த பெரியண்ணா, உடுத்த உடையுடன் காங்கேசன்துறைக்குக் கப்பலில் வந்து இறங்கினார். அடுத்த ஆண்டு சின்னண்ணா வெளிநாடு போவதென்று தீர்மானமாயிற்று. அப்போது அவருக்கு இருபத்துமூன்று வயது. மொஸ்கோ வழியாகக் கிழக்கு பேர்லினுக்குப் பறந்து, அங்கிருந்து ரயிலில் மேற்கு பேர்லினுக்குள் நுழைந்து அகதி அந்தஸ்துக் கேட்பது அக்காலத்தில் எங்கள் இளைஞர்கள் பலர் சென்ற வழி. பனிப்போரில் பிளவுண்டிருந்த ஒரு நகரத்தின் விசித்திரமான விதிகள் உரும்பிராய்ப் பையன்களுக்குக் கதவு திறந்தன. அந்தக் கதவுக்கு விலை இருந்தது. அம்மா தன் பதினொரு பவுண் தாலிக்கொடியைக் கழற்றினார்.

கஸ்தூரியார் வீதியில் அதை விற்றுவிட்டு வந்த அன்று நானும் கூடச் சென்றிருந்தேன். கடைக்காரர் கொடியை நிறுத்தபின் தாலியைத் தனியே கழற்றி, ஒரு துண்டுக் கடதாசியில் சுற்றி, இரு கைகளாலும் அம்மாவிடம் திருப்பிக் கொடுத்தார். வியாபாரத்தில் ஓர் ஒழுங்கு இருந்த காலம். அம்மா அதை மஞ்சள் கயிற்றில் கோத்துக்கொண்டார். சின்னண்ணா பேர்லினிலிருந்து அனுப்பிய முதல் கடிதத்தில், உழைத்து முதல் வேலையாகக் கொடி செய்து தருவதாக எழுதியிருந்தார். கடிதங்கள் வந்தன, காசும் வந்தது. கொடி செய்யும் அளவுக்குக் காசு சேரும்போதெல்லாம் யாராவது ஒருவருக்குப் பயணச் செலவு வந்துகொண்டிருந்தது. பெரியண்ணா 1987இல் கனடா போனதும் அப்படித்தான்.

அந்த 1987 ஒக்டோபரில் பலாலிப் பக்கமிருந்து இந்தியப் படைகள் எங்கள் ஊரினூடாக நகர்ந்தபோது, நாங்கள் நல்லூர்க் கந்தசுவாமி கோயிலில் தஞ்சம் புகுந்திருந்தோம். ஆயிரமாயிரம் பேர் அங்கே கிடந்தார்கள். அம்மா வீட்டிலிருந்து எடுத்து வந்தது ஒரேயொரு தகரப் பெட்டி. அதனுள் காணி உறுதிகள், ஐந்து பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்கள், ஒரு சிரட்டை நிறைய வெங்காய விதை. விதையை ஏன் எடுத்தார் என்று அப்பா சினந்தார். திரும்பிப் போனதும் எதை நடுவது என்று அம்மா கேட்டார். அதன்பிறகு அப்பா பேசவில்லை.

1990 ஜூனில் மீண்டும் போர் மூண்டு, மின்சாரம் நின்று, பொருளாதாரத் தடை வந்தது. அந்த ஆண்டு மே மாதத்திலேயே நான் கொழும்புக்கு வந்து பத்திரிகையில் சேர்ந்திருந்தபடியால், குடாநாட்டின் அந்த இருண்ட ஐந்தாண்டுகளை அம்மாவின் கடிதங்களிலிருந்தே அறிந்தேன். ஜாம் போத்தலுக்குள் சிறிது பஞ்சு வைத்து, அதன்மேல் சில துளி மண்ணெண்ணெய் ஊற்றித் திரியிட்ட விளக்கில் பேத்திக்கு எழுத்துக் கற்பித்தார். சவர்க்காரம் இல்லாத நாட்களில் பனம்பழத்தைப் பிசைந்து துணி தோய்த்தார். தலைகீழாக நிறுத்திய சைக்கிளின் மிதியை ஒருவர் சுற்ற, டைனமோவில் வானொலி பாட, பி.பி.சி. தமிழோசை கேட்டார்கள். யாழ்ப்பாணப் பத்திரிகைகள் அச்சுத்தாள் இன்றிக் கோடு போட்ட அப்பியாசக் கொப்பித் தாளில் வெளிவந்தன. "பேப்பர் வருகுது, ஆனால் கோட்டுக்கு மேலை எழுத்து. கண்ணுக்குப் பிடிபடுகுதில்லை" என்று ஒரு கடிதத்தில் எழுதியிருந்தார். தட்டுப்பாட்டைப் பற்றி அவர் எழுதிய ஒரே முறைப்பாடு அதுதான்.

1992 புரட்டாதியில் அப்பா மாரடைப்பினால் காலமானார். செய்தி எனக்குக் கிடைக்க ஒன்பது நாட்கள் சென்றன. வவுனியாவில் காத்திருந்து, கிளாலிக் கடல்நீரேரியை இரவில் வள்ளத்தில் கடந்து, அந்தியேட்டிக்குத்தான் போய்ச்சேர முடிந்தது. அம்மாவின் கழுத்தில் மஞ்சள் கயிறு இல்லை. கொடிக்காகக் காத்திருந்த தாலியைச் சிதையில் அப்பாவுடனேயே வைத்துவிட்டதாகச் சின்னக்கா சொன்னார்.

1995 ஒக்டோபர் 30ஆம் திகதிய இடப்பெயர்வை நான் செய்தியாக அறிந்தேன். செய்தியாக எழுத முடியவில்லை. போர்ச் செய்திகளுக்கு அவ்வாண்டு செப்டெம்பரிலிருந்தே தணிக்கை இருந்தது. வலிகாமம் முழுவதும் ஓரிரவில் எழுந்து தென்மராட்சியை நோக்கி நடக்கிறது என்பது அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும். அந்த இலட்சக்கணக்கானோரில் அறுபத்துநான்கு வயதான என் தாயாரும் ஒருவர் என்பது எனக்குத் தெரியும். மறுநாள் நான் பக்கம் அமைத்தேன், தலைப்புகளுக்கு எழுத்து எண்ணினேன். நாற்பத்தேழு நாட்களுக்குப் பிறகு செஞ்சிலுவைச் சங்கத்தினூடாக ஒரு துண்டு வந்தது. "மீசாலையில் சுகம். பெட்டி பத்திரம். நீ நேரத்துக்குச் சாப்பிடு."

அந்த இரவைப் பற்றி அம்மா ஒரே ஒரு தடவைதான் முழுமையாகச் சொன்னார். 2003இல், நாங்கள் இருவர் மட்டும் இருந்த ஒரு மாலையில். ஒலிபெருக்கியில் அறிவித்துக்கொண்டு போனார்களாம். அடுப்பில் புட்டு அவிந்துகொண்டிருந்தது. மாட்டின் கயிற்றை அவிழ்த்துவிட்டார். சின்னக்காவின் மகளுக்கு அப்போது நான்கு வயது. சின்னக்காவும் அத்தானும் சைக்கிளில் மூட்டைகளைக் கட்டி உருட்ட, அம்மா ஒரு கையில் தகரப் பெட்டியையும் மறு கையில் பேத்தியையும் பிடித்துக்கொண்டு நடந்தார். செம்மணியை அடையும்போது தெருவில் கால் வைக்க இடமில்லை. சைக்கிளில் அரை மணித்தியாலத்தில் போகும் தூரத்தை விடியும்வரை நடந்தார்கள். மழை பெய்தது. குடிக்கத் தண்ணீர் இன்றிச் சிலர் குடையைத் தலைகீழாகப் பிடித்து மழைநீரை ஏந்தினார்கள். முதியவர்களை மண் அள்ளும் தள்ளுவண்டிகளில் வைத்துத் தள்ளினார்கள். நாவற்குழிப் பாலத்தில் சனநெருக்கடி கூடியபோது பேத்தியின் கை நழுவிவிட்டது.

"எத்தினை நேரம் என்று தெரியாது, தம்பி. ஒரு நிமிஷமாயும் இருக்கும். பேர் சொல்லிக் கூப்பிட்டால் பத்துப் பிள்ளையள் 'ஓம்' என்குதுகள்."

கீழே குனிந்து, கால்களுக்கிடையில் தேடி, தன் சேலையின் கரையைப் பிடித்திருந்த சிறு கையைக் கண்டார். பிள்ளை விட்டுவிடவில்லை, கையை இழந்தவுடன் சேலையைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. அம்மா சேலைத் தலைப்பைக் கிழித்து அந்தக் கையைத் தன் மணிக்கட்டுடன் சேர்த்து முடிந்தார். அந்த முடிச்சை மீசாலையில் ஒரு வீட்டுத் திண்ணையை அடைந்த பிறகுதான் அவிழ்த்தார்களாம். அவிழ்க்க முடியவில்லை, ஈரத்தில் இறுகிவிட்டது. அந்த வீட்டு அம்மா கத்தரிக்கோல் கொண்டு வந்து வெட்டிவிட்டு, உள்ளே போய்ப் பிள்ளைக்குப் பால் காய்ச்சிக்கொண்டு வந்தார். ஆறு மாதம் அந்தத் திண்ணையில் இருந்தார்கள். ஏற்கெனவே மூன்று குடும்பங்கள் அங்கிருந்தன.

1996 சித்திரையில் தென்மராட்சியும் இராணுவத்தின் கைக்கு வந்தபின்னர் வலிகாமம் திரும்பினார்கள். வீட்டில் கதவுகள் இல்லை, ஓடுகள் பாதியில்லை, மாடும் இல்லை. அம்மா முதலில் வீட்டைப் பார்க்கவில்லை, கிணற்றை எட்டிப் பார்த்தார். உள்ளே ஓடும் தளபாடமும் குப்பையும் நிறைந்து கிடந்தன. ஆட்களைப் பிடித்துக் கிணறு கலக்கி இறைக்க நான்கு நாட்கள் சென்றன. வீட்டுக்குக் கதவு போட்டது அடுத்த ஆண்டில். எட்டு ஆண்டுகள் பழைமையான சிரட்டை விதை முளைக்காது என்பது தெரிந்தும் அதை ஒரு மூலையில் போட்டுப் பார்த்தாராம். முளைக்கவில்லை.

1998இல் கண்புரைச் சத்திரசிகிச்சைக்காகக் காங்கேசன்துறையிலிருந்து திருகோணமலைக்குக் கப்பலிலும் அங்கிருந்து பஸ்ஸிலுமாகக் கொழும்பு வந்து, வெள்ளவத்தையில் என்னுடன் மூன்று மாதம் இருந்தார். பொலிஸ் பதிவு, இரவுச் சோதனைகள் எல்லாம் அவருக்கும் நடந்தன. அவற்றைவிட அவருக்கு முக்கியமானது தொலைபேசி. பதினான்கு ஆண்டுகளாகக் கேட்காத சின்னண்ணாவின் குரலை அங்கேதான் கேட்டார். ஞாயிறு தோறும் பிற்பகல் இரண்டு மணிக்கு அழைப்பு வரும். ஒரு மணிக்கே குளித்து, நல்ல சேலை உடுத்து, தொலைபேசிக்கு முன்னால் வந்து அமர்ந்துவிடுவார்.

2002 ஏப்ரலில் ஏ-9 வீதி திறந்தது. அந்த ஆடி மாதம் சின்னண்ணா மனைவி பிள்ளைகளுடன் வந்தார். போனபோது மெலிந்த பையன். வந்தவர் தலை நரைத்த, கண்ணாடி அணிந்த மனிதர். படலையில் நின்ற அவரை அம்மா நெடுநேரம் பார்த்தார். பின்னர் கண்களை மூடிக்கொண்டு, "கதை" என்றார். அண்ணாவுக்கு விளங்கவில்லை. "ஏதாவது கதையடா" என்றார் மறுபடியும். அண்ணா "அம்மா" என்று மட்டும் சொன்னார். அதன்பிறகே அம்மா கண்களைத் திறந்து அவரைக் கட்டிப்பிடித்தார்.

அண்ணா சொன்ன சொல்லைக் காப்பாற்றியிருந்தார். பதினொரு பவுணில் கொடி செய்வித்துக் கொண்டுவந்திருந்தார். அதை வாங்கி அணிய வேண்டிய கழுத்து பத்து ஆண்டுகளாக வெறுங்கழுத்து என்பது அவருக்குத் தெரியாததல்ல. அம்மா கொடியைக் கையில் வாங்கி, நிறை பார்ப்பதுபோல ஏந்தி, சாமிப்படத்தின் முன் இரண்டு நாட்கள் வைத்தார். மூன்றாம் நாள் தட்டாரை அழைத்து உருக்கச் சொன்னார். ஒன்பது பேரப்பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு பவுண். ஆண், பெண் என்ற வேறுபாடு இல்லை. எஞ்சிய இரண்டு பவுணை விற்று, தோட்டத்துக்கு நீரிறைக்கும் இயந்திரம் வாங்கினார். சின்னண்ணாவுக்கு உள்ளூர வருத்தம் இருந்திருக்கும். ஆனால் மறுநாள் அதிகாலை இயந்திரத்தை இயக்கி, அண்ணாவின் இரு மகன்களையும் வாய்க்காலில் இறக்கித் தண்ணீர் மாறப் பழக்கினார் அம்மா. அந்தப் பிள்ளைகளின் தமிழ் அவருக்கு விளங்காது, அவருடைய தமிழ் அவர்களுக்கு விளங்காது. வரம்பு இரண்டு தடவை உடைந்தது. மூவரும் சேற்றில் நின்று சிரித்த புகைப்படம் ஒன்று எங்களிடம் உண்டு.

2005இல் பெரியண்ணா அம்மாவை நிரந்தரமாகக் கனடாவுக்கு அழைத்துக்கொண்டார். ஏழு மாதம் இருந்தார். பேரப்பிள்ளைகள் பள்ளிக்கும் பெரியவர்கள் வேலைக்கும் போனபின்னர் பதினொராம் மாடியின் கண்ணாடியினூடாகப் பனியைப் பார்த்துக்கொண்டிருப்பார். "இஞ்சை எல்லாம் இருக்கு. எனக்கொரு வேலைதான் இல்லை" என்று தொலைபேசியில் சொன்னார். திரும்பி வர விரும்புவதாக அவர் சொன்னபோது குடும்பத்தில் பெரும் பிரச்சினை எழுந்தது. நாட்டில் மீண்டும் போர் தொடங்கப்போவது எல்லோருக்கும் தெரிந்த காலம். நான் அம்மாவின் பக்கம் நின்றேன். பெரியண்ணா என்னுடன் ஓராண்டு பேசவில்லை. அம்மா 2006 வைகாசியில் உரும்பிராய் திரும்பினார். ஆகஸ்டில் ஏ-9 மூடப்பட்டது. மறுபடியும் வரிசை, மறுபடியும் பங்கீடு, ஊரடங்கு. "உன்னாலைதான்" என்று கனடாவிலிருந்து குற்றஞ்சாட்டினார்கள். நான் அன்றும் இன்றும் ஒன்றையே சொல்கிறேன். எழுபத்தைந்து வயதான ஒருவருக்குப் பாதுகாப்பைக் கொடுக்கிறோம் என்று சொல்லி அவருடைய காலைப்பொழுதுகளைப் பறித்துவிட எங்களுக்கு உரிமை கிடையாது.

2009இன் முதல் ஐந்து மாதங்களைப் பற்றி அம்மா எதுவும் பேசியதில்லை. அத்தானின் தமக்கையார் குடும்பம் வன்னியில் இருந்தது. அதற்குமேல் நானும் எழுதவில்லை.

2014 ஒக்டோபரில் யாழ்தேவி மீண்டும் யாழ்ப்பாணத்துக்கு வந்தது. இருபத்துநான்கு ஆண்டுகளுக்குப் பிறகு ரயில். ஊரில் பலர் கொழும்புக்குப் போய்வர ஆசைப்பட்டார்கள். அம்மா மீசாலைக்குப் போகவேண்டும் என்றார். விடுமுறையில் வந்திருந்த நான் அழைத்துச் சென்றேன். மடியில் ஒரு பை நிறைய வெங்காயம். ரயில் நாவற்குழிக் கடல்நீரேரியைக் கடந்தபோது யன்னலோரம் இருந்த அம்மா எதுவும் சொல்லவில்லை. இடது கை மட்டும் வலது மணிக்கட்டைப் பிடித்திருந்தது. மீசாலையில் அந்த வீட்டு அம்மா உயிருடன் இருந்தார். செவிப்புலன் குன்றியிருந்தது. இரண்டு கிழவிகளும் திண்ணையில் அமர்ந்து உரத்த குரலில் இரண்டு மணித்தியாலம் பேசினார்கள். பேசியது முழுவதும் மாட்டைப் பற்றியும் முழங்கால் வலியைப் பற்றியும். புறப்படும்போது அந்த அம்மா ஒரு பொட்டலம் புழுக்கொடியல் கொடுத்தார்.

கடைசித் தட்டுப்பாடு 2021இல் தொடங்கியது. இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டபோது தோட்டக்காரர்கள் தலையில் கைவைத்தனர். அம்மா, குத்தகைக்குத் தோட்டம் செய்த பையனை அழைத்து, வேலியில் நின்ற பூவரசங் குழையை வெட்டித் தாழ்க்கச் சொல்லிக்கொடுத்தார். அது முழுமையாகக் கைகொடுத்தது என்று சொல்லமாட்டேன், விளைச்சல் குறைவுதான். 2022 மார்ச் மாதக் கடைசியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் மின்வெட்டு வந்தபோது, அயல் வீட்டுப் பிள்ளைகளைக் கூப்பிட்டு ஜாம் போத்தல் விளக்குச் செய்யப் பழக்கினார். எரிவாயுவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் நாட்டின் எல்லாப் பாகத்திலும் மக்கள் வரிசையில் நின்றார்கள். கொழும்பிலிருந்து நான் தொலைபேசியில் பதற்றத்துடன் விசாரித்தேன். "இதென்ன புதினமே, தம்பி? இந்தமுறை எல்லாருக்கும் சேர்த்து வந்திருக்கு. அவ்வளவுதான் வித்தியாசம்" என்றார். அதை நான் பத்திரிகையில் தலைப்பாகப் போட்டிருக்கலாம்.

2023 மாசியில், மூன்று நாட் காய்ச்சலின் பின்னர், தொண்ணூற்றிரண்டாவது வயதில், உறக்கத்தில் போனார். எங்கள் வழக்கப்படி பேரப்பிள்ளைகள் நெய்ப்பந்தம் பிடிக்கவேண்டும். ஒன்பது பேரில் இருவரே நேரில் நின்றார்கள்: என் மகனும், 1995இல் சேலைக் கரையைப் பிடித்து நடந்த பேத்தியும். 2016இல் திருமணமாகிக் கனடா போயிருந்த அவள் செய்தி கேட்டவுடன் விமானம் ஏறிவிட்டாள். மற்றவர்கள் கைத்தொலைபேசித் திரையில் இருந்தார்கள். ரொறன்ரோவில் அப்போது நள்ளிரவு. பந்தங்கள் ஒன்பது கட்டப்பட்டிருந்தன. ஐயர் இரண்டு போதும் என்றார். சின்னக்கா அயல் வீட்டுப் பிள்ளைகளைப் பார்த்தார். அவர்கள் ஏழு பேர் வந்து மீதிப் பந்தங்களைப் பிடித்துச் சுற்றி வந்தார்கள். அவர்களில் மூத்தவளுக்குப் பதின்மூன்று வயதிருக்கும்.

எட்டுச் செலவு முடிந்து தகரப் பெட்டியைத் திறந்தபோது, 2018இல் எழுதப்பட்ட நன்கொடை உறுதி ஒன்று இருந்தது. அன்றிருந்த எங்கள் தேசவழமைச் சட்டப்படி, கணவன் உயிருடன் இருக்கும்வரை பெண் தன் சீதனக் காணியைக்கூட அவனுடைய சம்மதமின்றி உறுதி எழுதிக் கொடுக்க முடியாதிருந்தது; அம்மா விதவையாக இருந்தபடியால் யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. எங்களையும் கேட்கவில்லை. வீடு சின்னக்காவுக்கு. தோட்டக் காணி, சீவிய உரித்தைத் தனக்கு வைத்துக்கொண்டு, அந்தப் பேத்திக்கு. நாட்டை விட்டுப் போய்விட்டவளுக்குக் காணி எதற்கு என்று குடும்பத்தில் முணுமுணுப்பு எழுந்தது. உறுதி முடித்த நொத்தாரிசும் அன்று அதே கேள்வியைக் கேட்டாராம். "அவள் விடேல்லை" என்று மட்டும் அம்மா சொன்னாராம். நொத்தாரிசு காணியைப் பற்றித்தான் பேசுகிறார் என்று எண்ணி, மேலே எழுதியிருக்கிறார்.

பேத்தி காணியை விற்கவில்லை. குத்தகைக் காசும் வாங்குவதில்லை. அதற்குப் பதிலாக, அறுவடைக்கு அறுவடை ஒரு சாக்கு வெங்காயம் மீசாலைக்குப் போகிறது.